யந்திரம் படித்த பாடம் யாருடையது?

செயற்கை அறிவு! தேநீர்க் கடையிலும் இன்று அடிபடும் சொல் இது. மந்திரம் என்று மலைப்போர் சிலர். மனிதனை விழுங்க வந்த பூதம் என்று மருள்வோர் சிலர். மந்திரமுமல்ல, பூதமுமல்ல! அம்மாபேட்டைத் தறியின் முன்னே நின்று பார்ப்போருக்கு அதன் ஆதி விளங்கும் என்கிறோம் நாம்.

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலே துளையிட்ட அட்டைகள். துளை உள்ள இடத்தில் பாவு நூல் எழும்பும்; இல்லாத இடத்தில் படுத்திருக்கும். ஊடை ஓட ஓட, மயிலும் மாங்காயும் பட்டிலே பூக்கும். பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் உருவாக்கிய கருவி இது. துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே சொல்லால் யந்திரத்துக்குக் கட்டளையிட முடிந்தது. 1890இல் அமெரிக்கா தன் மக்கள் தொகையை எண்ணியதும் துளை அட்டையால்தான். பின்னர் வந்த கணிப்பொறிக்கும் நெடுங்காலம் அட்டைதான் தீனி.

ஆனால், அட்டை சொன்னதை மட்டுமே தறி செய்யும். செயற்கை அறிவின் வழி வேறு. ஆயிரமாயிரம் சேலைப் படங்களைக் காட்டி, "இது மயில், இது மாங்காய்" என்று சொல்லிக் கொடுத்தால், மயிலுக்குரிய அடையாளம் எது என்ற கணக்கைத் தானே போட்டுக் கொள்கிறது. அதன்பின் காணாத சேலையிலும் மயிலைக் கண்டுகொள்கிறது. தமிழில் நாம் பேசுவதைக் கைப்பேசி எழுத்தாக்குவதும், அடுத்து எந்தப் படம் பார்ப்போம் என்று கணித்து நீட்டுவதும் இப்படிப் பழகிய பழக்கமே.

2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடியும் அப்படித்தான். மலைபோல் குவிந்த எழுத்துக்களைப் படித்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்தே பேசுகிறது. ஆகவே பொய்யையும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிவிடும். மருந்துக்கும் வழக்குக்கும் அதை மட்டும் நம்பலாகாது, தோழர்களே! உறவினர் குரலிலேயே பணம் கேட்கும் மோசடிக்கும் அது துணை போகிறது. குரலை நம்பிப் பணம் அனுப்பாதீர். திரும்ப அழைத்து விசாரியுங்கள்.

சரி, யந்திரத்துக்குப் பாடம் சொன்னது யார்? எழுதியவன், பாடியவன், நெய்தவன்! விருதுநகர் போன்ற ஊர்களிலே படம் படமாகப் பார்த்துப் பெயர் குறித்துத் தரும் நம் பிள்ளைகள்! உழைப்பு பலருடையது, ஆதாயம் மட்டும் சிலருக்கா?

வழி இல்லாமலில்லை. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் அமீது ஆகியோரின் குரலை 2024இல் வந்த "லால் சலாம்" படத்துக்காகச் செயற்கை அறிவால் எழுப்பினார் ஏ.ஆர்.ரகுமான். குடும்பத்தாரின் அனுமதி பெற்றோம், ஊதியமும் தந்தோம் என்று அவரே அறிவித்தார். பாடகனின் குரலுக்கு உள்ள நீதி நெசவாளியின் பூவேலைக்கு இல்லையா? விசைத்தறியின் போட்டியிலிருந்து கைத்தறியைக் காக்க 1985இல் சில ரகங்களை ஒதுக்கிச் சட்டம் செய்த நாடு இது. புதிய யந்திரத்துக்கும் வேலி போட முடியும்.

யந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை நாம். அதைக் கற்கச் சொல்கிறோம். அது நம்மிடம் கற்ற பாடத்துக்குக் கூலியைக் கேட்கச் சொல்கிறோம். சங்கக் கூட்டத்தில் இனி இதுவும் ஒரு கோரிக்கையாகட்டும்!