மேலே பசுமை, கீழே வேர்

"நைட்ரஜன் நைட்ரஜன்தானே, எந்த உரத்திலிருந்து வந்தால் என்ன?" வேளாண்மை படிக்கிறேன் என்று தெரிந்ததும் உறவினர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு. அம்மோனியம் சல்பேட்டில் 21. கால்சியம் நைட்ரேட்டில் ஏறத்தாழ 15. காசுக்கு எது அதிகம் தருகிறது என்று பார்த்தால் யூரியா மூட்டையைத் தூக்கிவருவதுதான் இலாபம். ஆனால், வேரின் கணக்கு வேறு.

வேர் பெரும்பாலும் நைட்ரஜனை இரண்டு உருவங்களில் உறிஞ்சுகிறது. ஒன்று நைட்ரேட், மற்றொன்று அம்மோனியம். மண்ணில் விழும் யூரியா சில நாள்களில் அம்மோனியமாகிவிடும். காற்றோட்டமுள்ள மண்ணானால், நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றும். மண்ணின் புளிப்பு கூடக்கூட இந்த இரண்டாவது மாற்றம் மந்தமாகிவிடும்.

நைட்ரேட்டைச் செடி அவசரமின்றிக் கையாளலாம். செல்லுக்குள் சேமிக்கலாம், இலைவரை அனுப்பி அங்கே ஒளியின் ஆற்றலைக் கொண்டு பக்குவப்படுத்தலாம். அம்மோனியம் அப்படிப்பட்ட விருந்தாளி அல்ல. அதிகம் தேங்கினால் நஞ்சு. எனவே, வேரிலேயே உடனடியாக அமினோ அமிலமாக மாற்றியாக வேண்டும். அதற்கு இலையிலிருந்து சர்க்கரை இறங்கிவர வேண்டும். வேர் நீள்வதற்குச் செலவாக வேண்டிய சர்க்கரை இவ்வாறு கரைந்துபோகிறது. தவிர, அம்மோனியத்தை உறிஞ்சும் வேர் தன்னைச் சுற்றிலும் அமிலத்தை வெளியிடுகிறது. நைட்ரேட்டை உறிஞ்சும்போது நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஏற்கெனவே புளிப்பு மிகுந்த நம் மலேசிய மண்ணில் இது சிறிய விஷயமன்று. புளிப்பு ஏறினால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்கும்.

என்னை மிகவும் கவர்ந்தது நைட்ரேட்டின் இன்னொரு முகம். 1975-இல் துரூ என்ற இங்கிலாந்து ஆய்வாளர் வாற்கோதுமை வேரின் நடுப்பகுதிக்கு மட்டும் நைட்ரேட்டை நிறையக் கொடுத்தார். அந்தப் பகுதியில் மட்டும் பக்கவேர்கள் தாடிபோல் அடர்ந்தன. அது உணவு கிடைத்த கொழுப்பு மட்டும்தானா? 1998-இல் சாங், ஃபோர்டு இருவரும் அரபிடாப்சிஸ் எனும் சிறுசெடியில், நைட்ரேட்டுக்கேற்பப் பக்கவேரை வளர்க்கும் ஒரு மரபணுவை அடையாளம் கண்டனர். நைட்ரேட்டைச் செரிக்க இயலாத செடிகளிலும் பக்கவேர்கள் அவ்வாறே நீண்டன. ஆக, நைட்ரேட் உணவு மட்டுமன்று, "இங்கே தோண்டு" என்னும் தகவலும்கூட. அம்மோனியத்தின் பாணி வேறு. அது பக்கவேர்களைக் கிளைக்கத் தூண்டும், ஆனால், நீளவிடாது.

தண்டுக்கும் இலைக்கும் செய்தி போகிறது. நைட்ரேட் கிடைத்த வேர் சைட்டோகைனின் என்ற வளரூக்கியை மேலே அனுப்ப, இலை விரிகிறது. அம்மோனியம் மட்டுமே உண்ட செடியின் இலை சிறுத்து, கரும்பச்சையாக இருக்கும். நம் கண் ஏமாறும் இடம் இதுதான். கரும்பச்சையைக் கண்டால் செழிப்பு என்கிறோம்.

என் அப்பா பணி ஓய்வுக்குப் பிறகு பாலிபேக்கில் மிளகாய் வளர்த்துச் சந்தையில் விற்கிறார். வீட்டுச் செலவில் ஒரு பகுதி அந்தப் பைகளை நம்பித்தான். யூரியா போட்ட சில நாள்களில் இலைகள் கறுத்துப் பளபளக்கும். நண்பகல் வெயிலில் துவண்டுவிடும். "தண்ணீர் போதவில்லை" என்று இன்னும் ஊற்றுவார். ஒரு பையைக் கிழித்துப் பார்த்தோம். வேர்கள் குட்டையாக, நுனி பழுப்பேறி, பையின் பாதிவரைகூட எட்டாமல் இருந்தன. ஈரம் அடியில் இருந்தது. அதைத் தேடிச் செல்ல வேர்தான் இல்லை.

அப்படியானால் அம்மோனியம் கெட்டதா? கெடாவின் வயல்களைக் கேட்டால் இல்லை என்றே சொல்லும். நீர் தேங்கிய சேற்றில் உயிர்வளி இல்லை. அங்கே நைட்ரேட்டைப் போட்டால் நுண்ணுயிர்கள் அதை வளியாக்கிக் காற்றில் விட்டுவிடும். அம்மோனியமே அங்கு நிலைக்கும்; நெல்லும் அதற்குப் பழகிய பயிர். 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாக விளக்குகிறது. வாற்கோதுமையின் வேர்ச்செல்கள் அளவுக்கு மீறிப் புகுந்த அம்மோனியத்தை வெளியே தள்ளித் தள்ளியே ஆற்றலை விரயமாக்குகின்றன. நெல்லோ உள்ளே வரும் அளவையே கட்டுப்படுத்திக்கொள்கிறது. தேயிலையும் அம்மோனியத்தை விரும்பும் பயிரே. தக்காளி, கீரை வகைகள் எளிதில் பாதிக்கப்படுவன. அதனால்தான் மண்ணில்லா வேளாண்மையில் நைட்ரேட்டைப் பெரும்பங்காகவும் அம்மோனியத்தைச் சிறுபங்காகவும் கலக்கிறார்கள். சிறுபங்கு அம்மோனியம் சேர்ந்தால், நைட்ரேட் மட்டும் தருவதைவிடப் பல பயிர்கள் நன்றாகவே வளர்கின்றன.

நைட்ரேட்டுக்கும் அளவு உண்டு. எங்கும் நிறைந்து கிடந்தால், செடிக்குத் தேட வேண்டிய தேவையே இல்லை. பக்கவேர் வளர்ச்சி அடங்கி, தண்டு மட்டும் ஓங்கும். நாற்றங்காலில் கொழுத்த கன்று நட்டபின் சோர்ந்துபோவதற்கு இது ஒரு காரணம்.

அப்பா யூரியாவை முற்றிலும் கைவிடவில்லை, விலை அப்படி. ஒரு கைப்பிடியை ஒரேயடியாகப் போடாமல், சிறு கரண்டியாக வாரம் பிரித்துப் போடுகிறார். மண் கலக்கும்போதே டோலமைட் சுண்ணாம்பு சேர்க்கிறார். கடையில் மூட்டையைத் திருப்பி, நைட்ரேட் எவ்வளவு, அம்மோனியம் எவ்வளவு என்று தனித்தனியே போட்டிருக்கிறதா எனப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் சிரிக்கிறாராம். மாதம் ஒரு பையை மட்டும் பலிகொடுத்து வேரைக் கழுவிப் பார்க்கிறோம்.