வெயில் குடிக்கும் குளோரின்

கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகள் நீச்சல் பழகியது கிணற்றில்தான். இடுப்பில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டி மேலிருந்து தள்ளிவிட்டால் தானாகக் கை கால் அடிக்க வந்துவிடும். அந்தத் தண்ணீருக்கு யாரும் மருந்து போட்டதில்லை. மோட்டார் ஓடியதும் பழைய தண்ணீர் வயலுக்குப் போய்விடும், விடிவதற்குள் புது ஊற்று ஊறிவிடும். இன்று தோட்டத்து வீடுகளிலும் சுற்றுலா விடுதிகளிலும் நீல டைல்ஸ் பதித்த குளங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் மாதக்கணக்கில், சிலவற்றில் வருடக்கணக்கில், நிற்பது அதே தண்ணீர். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சித்திரை, வைகாசியில் இரவு நன்றாக இருந்த குளம் இரண்டே நாளில் பச்சையாகிவிடும். "தண்ணி பச்சையடிச்சிருச்சு, இன்னும் ரெண்டு டப்பா பிளீச்சிங் கொட்டுப்பா" என்பதுதான் வழக்கமான வைத்தியம். காலை பத்து மணிக்குக் கொட்டினால் அதில் பெரும்பகுதியை வெயில் குடித்துவிடும். பாதுகாப்பு எதுவும் இல்லாத குளோரினில் பாதியை உச்சி வெயில் ஒரு மணி நேரத்துக்குள் சிதைத்துவிடும். எனவே மருந்து போடும் நேரம் பொழுது சாய்ந்த பிறகுதான். இரவு முழுக்க அது கிருமியோடு மல்லுக்கட்டும்.

அளவுக்கும் கணக்கு உண்டு. எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி ஒன்றேகால் மீட்டர் ஆழம் என்றால் குளம் 40,000 லிட்டர் பிடிக்கும். அதில் குளோரினை ஒரு பிபிஎம், அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், உயர்த்த 40 கிராம் குளோரின் தேவை. 30 சதவீதச் சத்துள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 130 கிராம். ஆனால் பிரித்த மூட்டையைத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தால் அந்த 30 சதவீதம் இருக்காது. பவுடரை நேராகக் குளத்தில் தூவுவதும் தவறு. வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் பவுடர். கலக்கி வைத்தால் சுண்ணாம்பு அடியில் வண்டலாகத் தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றவேண்டும். வண்டலோடு ஊற்றிவிட்டுத் தண்ணீர் பால்போலக் கலங்கிக் கிடக்கிறதே என்று ஃபில்டர்மீது பழிபோடுகிறவர்கள் நிறைய.

எவ்வளவு ஊற்றினாலும் பாசி போகவில்லையா? பிஎச் அளவைப் பார்க்கவேண்டும். 7.5 இருக்கும்போது குளோரினில் ஏறத்தாழ பாதி வீரியமான வடிவில் இருக்கும். 8 ஆகிவிட்டால் கால்வாசிகூடத் தேறாது. போர் தண்ணீரின் காரத்தன்மையும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்து பிஎச்சை மேலே ஏற்றிக்கொண்டே போகும். நீர்மட்டத்தை ஒட்டி டைல்ஸில் வெள்ளை உப்புக் கோடு விழுவது அதற்கு ஓர் அறிகுறி. ஆசிட்டைச் சிறிது சிறிதாக, தண்ணீரில் கலந்து விட்டு 7.2 முதல் 7.6-க்குள் கொண்டுவரலாம். ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஒரே வாளியில் சேரவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

வெயிலுக்கு மாற்றாகக் கடைக்காரர் தருவது டிரைகுளோர் மாத்திரை. அதன் எடையில் பாதிக்குமேல் சயனூரிக் அமிலம். இந்த அமிலம் குளோரினுக்குக் குடை பிடிக்கும். 30 முதல் 50 பிபிஎம் வரை நல்லது. குளோரின் செலவாகும், அமிலமோ அப்படியே தங்கும். மேற்படி குளத்தில் மாதம் இரண்டு கிலோ மாத்திரை கரைந்தால் நான்கே மாதத்தில் அது நூறைத் தாண்டிவிடும். அதன்பின் குளோரின் அளவு சோதனையில் சரியாகக் காட்டும், பாசி மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும். பாதித் தண்ணீரை இறக்கிப் புதுத்தண்ணீர் விடுவதுதான் வழி. மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ செய்யும்.

மயில்துத்தம் இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்குச் சுண்ணாம்போடு சேர்த்து போர்டோ கலவையாக அடிக்கிற அதே நீலக்கல்தான். அது பாசியையும் கொல்லும் என்பதால் குளத்தில் ஒரு கை அள்ளிப்போடும் ஆசை தோட்டக்காரருக்கு இயல்பாக வரும். ஆனால் அதிலுள்ள செம்பு தண்ணீரைவிட்டு எளிதில் போகாது. சுவரில் கறையாகப் படியும், வெளுத்த முடியைப் பச்சையாக்கும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தாலும் இப்படித்தான், முதல்முறை குளோரின் விட்டதும் டீ நிறத்துக்கு மாறும். அது பாசி இல்லை.

அடுத்தது ஆடிக் காற்று. மேற்குமலையைத் தாண்டி வரும் காற்று தென்னம்பூவையும் உழவுப் புழுதியையும் கொண்டுவந்து கொட்டும். தோட்டத்து உரம் கலந்த தூசி பாசிக்கு நல்ல தீனி. ஸ்கிம்மர் கூடையைத் தினமும் தட்டவேண்டும். மணல் ஃபில்டரின் பிரஷர் மீட்டர் கழுவிய அன்று காட்டியதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் திருப்பிக் கழுவவேண்டும். அதற்குமுன் அடிக்கடி கழுவுவது தண்ணீருக்குத்தான் நஷ்டம்.

தண்ணீர் குறைந்தால் ஒழுகுகிறது என்று உடனே தரையை உடைக்க வேண்டியதில்லை. நாளுக்கு ஆறு மில்லிமீட்டர் ஆவியானாலே இந்தக் குளத்தில் 190 லிட்டர் போய்விடும். குளத்துத் தண்ணீர் நிரப்பிய வாளியைப் படியில் வைத்து, உள்ளும் வெளியும் கோடு போட்டு ஒருநாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது வெயிலின் வேலை. குளம் அதிகம் இறங்கியிருந்தால்தான் கசிவு.

இதெல்லாம் அழகு பற்றிய கவலை மட்டுமல்ல. 2024 மே முதல் ஜூலைக்குள் மலையின் அந்தப் பக்கம் கேரளத்தில், மலப்புரம், கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களைச் சேர்ந்த மூன்று சிறார்கள் அமீபா மூளைக்காய்ச்சலில் இறந்தார்கள். அவர்களில் கண்ணூர்ச் சிறுமி பள்ளிச் சுற்றுலாவின்போது மூணாறில் நீச்சல் குளம் ஒன்றில் குளித்ததாகச் செய்திகள் வந்தன. போடிமெட்டு ஏறினால் மூணாறு பாதைதான். சூடான நன்னீரில் வளரும் இந்த அமீபா குடிப்பதால் வராது, மூக்கின் வழியே ஏறும். போதிய குளோரின் இருந்தால் பிழைக்காது. பச்சைத் தண்ணீரில் "இன்னிக்கு ஒருநாள்தானே" என்று பிள்ளைகளை இறக்குவதற்குமுன் சில நூறு ரூபாய் சோதனைப் பெட்டியை எடுத்துப் பார்ப்பது மேல்.

சயனூரிக் அமிலம் மிஞ்சியதால் இறக்கிய பாதித் தண்ணீரை என்ன செய்வது? செம்பு கலக்காததாக இருந்தால், சில நாள் வெயிலில் விட்டுக் குளோரின் தீர்ந்ததும் தென்னைக்குப் பாய்ச்சலாம், அதில் சேர்ந்திருக்கும் உப்பைத் தென்னை தாங்கும். திராட்சைக்கொடி தாங்காது, அந்தப் பக்கம் வாய்க்காலைத் திருப்பிவிடக் கூடாது.