களையும் மருந்தும் கிராம மேற்பார்வையும்

பயிருக்கு உண்டாகும் கேடு வரப்பைக் கண்டு நிற்பதில்லை. ஒரு குடியானவர் தமது தோட்டத்தை எவ்வளவு சுத்தமாக வைத்திருப்பினும், அண்டைக் காட்டில் பழைய பருத்திச் செடி நின்றால் புழு அங்கிருந்து வந்து சேரும்; பாதையோரத்தில் களை பூத்தால் விதை காற்றோடு வந்து விழும். அவ்வாறே ஒருவர் தெளிக்கும் மருந்தும் அவர் பூமியோடு நின்றுவிடுவதில்லை. ஆதலால் களையெடுப்பும் பூச்சி ஒழிப்பும் மருந்துப் பிரயோகமும் தனி மனிதர் காரியமாக மாத்திரம் இருத்தல் இயலாது. கிராமத்தின் மேற்பார்வை அவற்றிற்கு அவசியம் என்பதைத் திருப்பூர்ச் சீமையின் அனுபவங் கொண்டே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி இப்பக்கங்களில் பரவிற்று. கிணற்றுப் பாசனத்தில் நன்கு விளைந்து, நீண்ட பஞ்சு தந்தமையால் குடியானவர்கள் அதனை விரும்பிப் பயிரிட்டனர். ஆயின் தண்டுக் கூன்வண்டும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் அதனை வெகுவாகத் தாக்கின. இவற்றைத் தடுக்கும் பொருட்டு, 1919-ம் வருஷத்துச் சென்னை விவசாயப் பூச்சி, நோய்ச் சட்டம், திருப்பூரையும் உட்கொண்டிருந்த அக்காலக் கோயமுத்தூர் ஜில்லாவில் அமுலுக்குக் கொண்டுவரப்பட்டது. குறித்த தேதிக்குள் பழைய பருத்திச் செடிகளை யாவரும் வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்பதே அதன்படி பிறந்த உத்தரவின் சாரம்.

இதன் காரணத்தை அறிதல் நலம். கூன்வண்டு தண்டின் அடிப்பாகத்தில் முட்டையிடுகிறது. புழு உள்ளே குடைவதால் அவ்விடம் வீங்கி, பலத்த காற்றில் செடி முறிந்து விழுகிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ காய்க்குள் புகுந்து விதையைத் தின்று, உலர்ந்த காய்களிலும் விதைகளிலும் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் இயல்புடையது. மறுதாம்புப் பருத்தி வயலில் நின்றால், ஒரு போகத்திற்கும் அடுத்த போகத்திற்கும் இடையே அப்பூச்சிகளுக்கு இரை அற்றுப் போவதேயில்லை. எல்லா வயல்களும் சில வாரங்களாவது பருத்தியின்றி வெறுமையாகக் கிடந்தால் அச்சங்கிலி அறுபடுகிறது. நூறு பேர் பிடுங்கி ஒருவர் விட்டுவைத்தால், அந்த ஒருவர் காடே அடுத்த வருஷத்திற்கு வித்தாகும்.

பிடுங்கச் சொல்வது எளிது. பிடுங்குபவருக்கு அது நஷ்டம். மறுதாம்பில் கிடைக்கும் கடைசிப் பறிப்பும், ஆட்டுக்குத் தழையும் சிறு சாகுபடிக்காரருக்கு அற்பமானவை அல்ல. சட்டம் இயற்றியோரும் இதனை முற்றும் மறந்தாரில்லை. முதலில் நோட்டீசு கொடுக்கவும், அதனை ஆட்சேபிப்பவர் அப்பீல் செய்து கொள்ளவும் அதில் இடம் உண்டு. அதன் பின்னும் தவறினால் அரசாங்கத்தாரே ஆள் வைத்துப் பிடுங்கி, செலவை நிலவரிப் பாக்கியைப் போல் வசூலிக்கலாம். முன்னறிவிப்பு, விசாரணை, நடவடிக்கை என்னும் இம்முறையே கிராம மேற்பார்வைக்கு இன்றும் தக்க வழியாகும்.

களை விஷயத்திலும் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. தென்ஜில்லாக்களில் சப்பாத்திக் கள்ளி தரிசு நிலங்களையும் வேலியோரங்களையும் அடைத்துக் கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1926-ல் இலங்கையிலிருந்து கொணரப்பட்ட ஒருவகைக் கொச்சினீல் பூச்சி அக்கள்ளியைத் தின்று பெரும் பரப்பில் ஒழித்தது. விஷமருந்து ஒரு துளியும் செலவாகவில்லை.

இன்று கள்ளி இருந்த இடத்தைப் பார்த்தீனியம் பிடித்துக்கொண்டது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதையிடும். தொடுவோர்க்குத் தோலில் அரிப்பும், சிலர்க்கு மூச்சிரைப்பும் உண்டாக்கும். அது பெரிதும் பெருகுவது பட்டா நிலத்தில் அன்று. சாலையோரம், வாய்க்கால் கரை, புறம்போக்கு ஆகிய இடங்களிலேயே. அங்கெல்லாம் களையெடுக்க வேண்டியவர் யார்? பொதுநிலம் களைக்காடாய்க் கிடக்க, குடியானவரை மாத்திரம் குறை கூறுதல் நியாயமன்று. வேலியில் நிற்கும் துத்தியும் இவ்வகையில் கவனிக்கத் தக்கது. பருத்தியைத் தாக்கும் புள்ளிக் காய்ப்புழு அதிலும் வளர்கிறது.

இனி மருந்துகளைப் பற்றிச் சொல்லுவோம். இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் ரசாயனப் பூச்சிமருந்துகள் பெருகின. அவற்றின் விற்பனையையும் உபயோகத்தையும் ஒழுங்குபடுத்த 1968-ல் பூச்சிமருந்துச் சட்டமும், 1971-ல் அதன் விதிகளும் ஏற்பட்டன. 2002-ல் பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தபோது, இனிக் காய்ப்புழுவின் தொல்லை ஒழிந்தது என்று பலர் எண்ணினர். ஆனால் சில வருஷங்களிலேயே இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதனையும் எதிர்த்து நிற்கும் வலிமை பெற்றது. பருத்தியை நீடிக்க விடாமல் உரிய காலத்தில் முடித்து, மாரைப் பிடுங்கி அழியுங்கள் என்று விஞ்ஞானிகள் மீண்டும் சொல்லுகின்றனர். 1919-ன் உத்தரவே புது வித்தையாகத் திரும்பி வந்திருக்கிறது.

மருந்தையே நம்பி மேற்பார்வையைக் கைவிட்டால் நேரும் ஆபத்துக்கு மகாராஷ்டிரத்து யவத்மாள் ஜில்லா சான்று. 2017-ல் அங்கே பருத்திக் காடுகளில் மருந்து தெளித்தவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் விஷம் தாக்கி மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் வைத்தியசாலை சேர்ந்தனர். மாண்டவர்களில் பலர் கூலிக்குத் தெளித்த ஏழைகள்.

நொய்யலின் கதையும் நமக்குப் புதிதன்று. சாயக் கழிவு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பாசனக் குடியானவர்களின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயச்சாலைகளை மூட உத்தரவிடும் அளவிற்கு அது முற்றிற்று. சாயச்சாலையிலிருந்து வெளியேறும் நீரைப் பற்றி நாம் கேட்ட கேள்வியை, நம் தோட்டத்திலிருந்து வாய்க்காலுக்கு வடியும் மருந்துநீரைப் பற்றி அயலார் நம்மிடம் கேட்பதும் முறையே.

அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதையும் தெளிதல் வேண்டும். மேற்கூறிய 1968-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, ஒரு மருந்தை அடியோடு விலக்குவது இந்திய அரசின் பொறுப்பு. மாநில அரசு குறித்த காலத்திற்கு விற்பனையை நிறுத்தி வைக்கலாம். கடைக்கு லைசென்சு வழங்குதல், மாதிரி எடுத்துச் சோதித்தல் ஆகியவை விவசாய இலாகாவைச் சேர்ந்தவை. கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலர் மூலமாகவன்றிப் பிரயோகிக்கலாகாது என 2022 அக்டோபரில் உத்தரவு பிறப்பித்ததும் இந்திய அரசே. பஞ்சாயத்து எந்த மருந்தையும் தடை செய்ய இயலாது. எனினும் எவர் எதனை, எங்கே, எப்படித் தெளிக்கிறார் என்பதை அன்றாடம் காணக்கூடியது கிராமமே. மணியகாரர், கர்ணம் பதவிகள் 1980-ல் எடுபட்டன. அவர்கள் செய்து வந்த கண்காணிப்பின் தேவை எடுபடவில்லை. கிராம நிர்வாக அலுவலரும் பஞ்சாயத்துத் தலைவரும் கிராம சபையும் அதனை ஏற்றல் வேண்டும்.

கீழ்க்கண்ட காரியங்களை ஒவ்வொரு கிராமத்திலும் அனுசரிக்கலாம்:

1. மாசிப்பட்டம் நீங்கலாக, ஆவணி, புரட்டாசியில் விதைத்த பருத்திக்கு, மாரைப் பிடுங்க வேண்டிய கடைசித் தேதியை ஜனவரி 26-ந் தேதி கிராம சபையில் யாவரும் கூடித் தீர்மானித்து, தண்டோரா மூலம் அறிவித்தல். ஆள் வசதியற்ற சிறு சாகுபடிக்காரர்க்கு அண்டை அயலார் உதவுதல்.

2. அக்டோபர் 2-ந் தேதிச் சபையில் பார்த்தீனியம் ஒழிப்பை எடுத்துக்கொண்டு, பூக்குமுன் கையுறையுடன் பிடுங்க ஏற்பாடு செய்தல். பொதுநிலத்தை முதலில் சுத்தம் செய்தல் பஞ்சாயத்தின் கடமை.

3. பஞ்சாயத்தே சாலையோரத்தில் களைக்கொல்லி தெளிக்க நேரின், மருந்தின் பெயர், இடம், நாள் ஆகியவற்றை முன்னதாக விளம்பரப்படுத்துதல். கிணறு, வாய்க்கால், பள்ளிக்கூடம் அருகே தெளியாதிருத்தல்.

4. லைசென்சு பெற்ற கடையில் ரசீதுடன் மாத்திரம் மருந்து வாங்குதல். டப்பாவின் முக்கோண அடையாளத்தைக் கவனித்தல்: சிவப்பு கொடிய விஷம், அதற்கடுத்துக் குறைந்துவரும் வரிசையில் மஞ்சள், நீலம், பச்சை.

5. தெளிக்கும் கூலியாளுக்குக் கையுறை, முகக்கவசம், உடம்பை மூடும் உடுப்பு ஆகியவற்றை நிலக்காரர் கொடுத்தல். காலி டப்பாக்களை வீட்டு உபயோகத்திற்கு எடுக்காமல் உடைத்து, குடியிருப்புக்கும் நீர்நிலைக்கும் அப்பால் புதைத்தல்.

6. விஷம் தாக்கியவரை உடனே வைத்தியசாலைக்கு அனுப்பும்போது மருந்து டப்பாவையும் உடன் அனுப்பி, செய்தியை விவசாய அதிகாரிக்குத் தெரிவித்தல்.

மேற்பார்வை என்றதும் அதனைத் தண்டனையாக எண்ணுதல் வேண்டா. பகையோ தாட்சணியமோ அதில் புகாமலிருக்க, எல்லாம் சபையில் வெளிப்படையாக நடைபெறுதலும், குறை சொல்லப்பட்டவரின் வார்த்தையைக் கேட்டலும் அவசியம். அவ்வாறு நடைபெறின் மருந்துச் செலவு குறையும், பயிர் பிழைக்கும், தெளிக்கப் போன கூலியாள் மாலையில் நலமாக வீடு திரும்புவார்.