மதராஸ் கரை சேர்ந்த அமெரிக்க ஸ்டாம்ப்

ஒற்றைத் தபால்தலைக்குப் பல கோடி ரூபாய் விலை போகும் உலகம் இது. ஆனால், வடசென்னையின் சேகரிப்பாளர் தேட வேண்டிய புதையல் கடித உறையில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மதராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா படகில் கரைக்கு வரும். அலை சீறும் நாளில் படகும் போகாது. அப்போது கடிதங்களைக் கொண்டுவந்தவர்கள் நம் கட்டுமரக்காரர்கள். நீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு அலையைத் தாண்டிக் கரையேறுவார்கள். 1861-ல் இரும்புப் பாலம் கடலுக்குள் நீளும்வரை, உலகம் மதராஸோடு பேசியது அவர்களுடைய துணிச்சலை நம்பித்தான்.

அந்தக் கடிதங்களில் அமெரிக்கக் கடிதங்களும் உண்டு. 1836-ல் மதராஸில் அமெரிக்க மிஷன் தொடங்கியது. அதன் முன்னோடிகளில் ஒருவரான மைரன் வின்ஸ்லோவின் தமிழ் - ஆங்கில அகராதி 1862-ல் வெளியானது. மிஷனின் தலைமையகம் பாஸ்டன். இங்கே வந்து இறங்கிய ஐஸ் கட்டிகளும் பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடருடையவை. அவற்றைச் சேமிக்க 1842-ல் எழுந்ததுதான் திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ்.

தொடக்கக் காலக் கடிதங்களில் ஸ்டாம்ப் இருக்காது. அமெரிக்க அரசு முதல் பொதுத் தபால்தலைகளை வெளியிட்டதே 1847 ஜூலை 1-ல்தான். ஐந்து சென்டில் பிராங்க்ளின், பத்து சென்டில் வாஷிங்டன். நான்கே ஆண்டுகளில் அவை செல்லாதவை ஆக்கப்பட்டன. இன்று அவற்றைத் தேடி அலைகிறார்கள்.

சிறு அழுத்தத்தில் நாற்பத்து மூன்று லட்சம்

அமெரிக்க ஸ்டாம்ப்களில் மிக அரியவற்றில் ஒன்று 1868-ன் ஒரு சென்ட் 'இஸட் கிரில்'. கழுவிவிட்டு மறுபடி ஒட்டும் மோசடியைத் தடுக்க, காகிதத்தில் சிறு கட்டங்களை அழுத்திப் பதித்தார்கள். முத்திரை மை இழைக்குள் ஊறிவிடும், கழுவினாலும் போகாது. அந்த அழுத்தம்தான் கிரில். அதில் ஒரு குறிப்பிட்ட வகை இஸட். இன்று அறியப்பட்டவை இரண்டே. ஒன்று நியூயார்க் பொது நூலகத்துக்குச் சொந்தம். மற்றொன்று 2024 ஜூனில் 43 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

அடுத்து, 1869-ன் படத் தொகுதி. ரயில் எஞ்சினும் நீராவிக் கப்பலும் ஸ்டாம்ப்பில் ஏறின. இரு வண்ணத் தலைகளும் வந்தன. வண்ணத்துக்கு ஒருமுறை காகிதத்தை எந்திரத்தில் விட வேண்டும். திருப்பி விட்டால் படம் தலைகீழ். அப்படி 15, 24, 30 சென்ட்களில் பிழைகள் நேர்ந்தன. இதே பிழையை நம் நாடு 15 ஆண்டுகள் முந்தியே செய்துவிட்டது: 1854-ன் நாலணாவில் விக்டோரியா ராணி தலைகீழாக நிற்கிறார்.

இவை நமக்கு எட்டாதவை. எட்டக்கூடியது எது?

ஐந்து சென்ட் கொலம்பஸ்

1893-ல் சிகாகோவில் உலகக் கொலம்பியக் கண்காட்சி. அதற்காக ஒரு சென்ட் முதல் ஐந்து டாலர் வரை 16 தபால்தலைகள் வந்தன. டாலர் தலைகள் விலை உயர்ந்தவை. இரண்டு சென்ட் நூறு கோடிக்கும் மேல் அச்சானதால் இன்றும் மலிவு. நமக்கு முக்கியமானது சாக்லேட் நிற ஐந்து சென்ட். அரசி இசபெல்லாவிடம் கொலம்பஸ் உதவி கேட்கும் காட்சி அதில் உண்டு. உலக அஞ்சல் ஒன்றியத்தின் கணக்கில், அமெரிக்காவிலிருந்து அயல்நாட்டுக்கு ஒரு சாதாரணக் கடிதத்தின் கட்டணம் அந்த ஐந்து சென்ட்தான்.

அதே ஆண்டு அதே சிகாகோவில் முழங்கிய விவேகானந்தர், மதராஸ் சீடர் அளசிங்கப் பெருமாளுக்கு அமெரிக்காவிலிருந்து கடிதங்கள் எழுதினார். 1897-ல் திரும்பிவந்து தங்கியது அந்த ஐஸ் ஹவுஸில்! கடிதங்கள் அச்சேறி நூலாகிவிட்டன. பொதுவாக உறைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. படித்ததும் கிழித்து எறிகிறோம்.

உறையில்தான் பயணம் எழுதியிருக்கிறது. 1850, 60-களில் இங்கிலாந்து வழியாக வந்த உறைகளில் 'சவுத்தாம்ப்டன் வழி', 'மார்செய் வழி' என்று கையால் எழுதியிருப்பார்கள். முன்னது மலிவு, பின்னது வேகம். சிவப்பில் குறித்த எண், கட்டிய பணத்தில் பிரிட்டனுக்குச் சேர வேண்டிய பங்கு. பின்பக்கத்தில் வந்துசேர்ந்த ஊரின் முத்திரை. ஸ்டாம்ப்பை மட்டும் பிரித்தெடுத்தால் இத்தனையும் போய்விடும்.

பாரிமுனைக் கம்பெனிகளும் கப்பல் ஏஜென்ட்களும் கழித்துப்போட்ட உறைகளில் ஸ்டாம்ப்பை வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, செய்தித்தாளில் உலர்த்திச் சேர்த்து வளர்ந்தவர்கள் நம் பகுதியில் நிறைய. ராயபுரம் முதல் எண்ணூர் வரை, பழைய பீரோக்களில் தாத்தா காலத்துக் கடிதக் கட்டுகள் இன்னும் இருக்கலாம். அவற்றை ஊறவைக்காதீர்கள், வெட்டாதீர்கள். உறையோடு, உள்ளிருக்கும் கடிதத்தோடு அப்படியே வையுங்கள்.

உப்புக்காற்றும் போலிகளும்

கடலோரத்தில் காகிதத்தின் முதல் எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பசை இளகி ஆல்பத்தோடு ஒட்டும். பழுப்புப் புள்ளி படரும். லேமினேஷன் கூடவே கூடாது. பிவிசி உறைகளும் செலோடேப்பும் ஆகாது. அமிலமற்ற தாளில், பெட்டிக்குள் நிமிர்த்தி நிறுத்தி, சிலிகா ஜெல் பையோடு வையுங்கள். வெயில் நாளில் திறந்து நிழலில் காற்றாட விடுங்கள்.

அடுத்த எதிரி போலி. 1847 தலைகளின் நகலை அமெரிக்க அஞ்சல்துறையே 1875-ல் விற்றது. கிரில்லைப் பொய்யாக அழுத்தியவர்களும் உண்டு. பெரிய தொகை கொடுக்குமுன் நியூயார்க்கின் பிலடெலிக் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்பின் சான்றிதழ் கேளுங்கள். 1956 முதல் சென்னையில் இயங்கும் தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்பாளர் சங்கத்தின் மூத்தவர்களிடம் காட்டினால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

இஸட் கிரில்லை வாங்கக் கோடீஸ்வரர்கள் இருக்கிறார்கள். மதராஸ் முத்திரை விழுந்த அமெரிக்க உறையின் அருமை, இந்தக் கடற்கரையை அறிந்தவருக்குத்தான் முழுதாகப் புரியும். அதைக் காக்கும் உரிமையும் கடமையும் நம்முடையவை.