பெயர்தான் மட்ட அரிசி

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடைகளில் பாருங்கள். பருமனான சிவப்பு அரிசி விற்கும். அதுதான் பாலக்காட்டு மட்ட அரிசி. பெயர்தான் மட்டம். அரிசி மட்டமானது அல்ல.

சித்தூர் வட்டத்தில் கரிசல் மண் உண்டு. ஆரியன், தவளக்கண்ணன், சிற்றேனி என்று பல நெல் ரகங்கள் மட்ட அரிசி தருகின்றன. ஞவரை என்ற நெல்லும் பாலக்காட்டில் உண்டு. அது இரண்டு மூன்று மாதத்தில் விளையும். விளைச்சல் குறைவு. ஆயுர்வேத வைத்தியர்கள் ஞவரை அரிசியைப் பாலில் வேகவைத்து, துணியில் முடிந்து, கை கால்களுக்கு ஒத்தடம் கொடுப்பார்கள். 2007-08இல் ஞவரைக்கும் மட்ட அரிசிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர் அரிசியை இந்தப் பெயரில் விற்கக் கூடாது.

சிவப்பு எங்கே இருக்கிறது? அரிசியின் மேல் ஒட்டியுள்ள தவிட்டில் இருக்கிறது.

கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப் போகும். காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்யும் வேலை அது. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கறுப்பது குறையும். உடம்புக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஆனால் அதிலிருந்து சில முரட்டுத் துகள்களும் உண்டாகின்றன. அவை உடம்பின் செல்களைத் தாக்கும். அவற்றை அடக்கும் பொருள்களுக்கு ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்று பெயர். நீளமான பெயர். ‘தடுப்பான்’ என்றே நினைவில் வைக்கலாம். சிவப்பு அரிசிக்கு நிறம் தரும் துவர்ப்புப் பொருள் ஒரு தடுப்பான். கறுப்புக் கவுனியில் இருப்பது அந்தோசயனின். நாவல் பழத்திலும் அது உண்டு.

மில்லில் அரிசியைத் தீட்டினால் தவிடு போய்விடும். தடுப்பானும் பி1 வைட்டமினும் அதோடு போகும். சத்து மாட்டுத் தொட்டிக்கு, வெள்ளை அரிசி வீட்டுக்கு!

1890களில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளைக் கவனித்தார். தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் தளர்ந்தது. தவிடு நீக்காத அரிசி தின்றதும் அவை தேறின. மனிதர்களுக்கு வரும் பெரிபெரி நோயின் காரணம் இப்படித்தான் தெரிய வந்தது. 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வாங்கும்போது அரிசியைப் பாருங்கள். மணி முழுவதும் சிவப்பாக இருந்தால் நல்லது. கோடு கோடாக இருந்தால் பாதித் தவிடு போய்விட்டது.

சிவப்பரிசி சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். சிவப்பரிசியும் அரிசிதான். தட்டு நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். சோதனைக் குப்பியில் தடுப்பான் நன்றாக வேலை செய்யும். உடம்புக்குள்ளும் அதே அளவு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. அரிசியை நம்பி மாத்திரையை நிறுத்தினால், கால் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போக நேரிடும்.

மட்ட அரிசி வேக நேரமாகும். இரவே ஊறவையுங்கள். விறகு மிச்சம். வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள். அதிலும் சத்து இறங்கியிருக்கும். மூணாறு போன்ற உயரமான ஊர்களில் தண்ணீர் 100 டிகிரி சூட்டை எட்டும் முன்பே கொதித்துவிடும். அதனால் அங்கே சோறு வேக இன்னும் நேரம் பிடிக்கும். குக்கர் இருந்தால் அதில் வைக்கலாம்.