எலும்புத்தசைச் சுருக்கத்தை அளவிடுதல்: வலுக்குறைவின் இடமறியும் முறைகள்

ஆய்வுச் சுருக்கம்

எலும்புத்தசையின் சுருக்கம் மூளையில் தொடங்கித் தசை இழையில் நிறைவுறும் ஒரு தொடர்நிகழ்வு ஆகும். இத்தொடரின் எந்தக் கண்ணியில் குறை நேர்ந்தாலும் வெளியே தோன்றும் அறிகுறி வலுக்குறைவு ஒன்றே. எனவே விசையை மட்டும் அளப்பது குறையின் அளவைக் காட்டுமேயன்றி, அதன் இடத்தைக் காட்டாது. விசை, நரம்புத் தூண்டல், மின்குறிகை ஆகிய மூவகை அளவீடுகளையும் இணைத்து நோக்க வேண்டியதன் தேவையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எலும்புத்தசை, விசை, நரம்பு-தசைச் சந்தி, மின்தசை வரைவு, வலுக்குறைவு.

முன்னுரை

நாற்காலியிலிருந்து எழ இயலாத நால்வரைக் கற்பனை செய்து கொள்வோம். ஒருவர் முழங்கால் காயமுற்றவர். இரண்டாமவர் இளமையில் இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளானவர். மூன்றாமவருக்கு மயஸ்தீனியா கிரேவிஸ் எனும் தசைக்களைப்பு நோய். நான்காமவருக்குத் தசைச் சிதைவு நோய். நால்வரின் தொடைத்தசை விசையையும் விசைமானியால் அளந்தால் ஒரே எண் கிடைக்கக்கூடும். எனினும் நால்வருக்கும் உரிய மருத்துவம் வெவ்வேறானது. இவ்வேறுபாட்டை வெளிப்படுத்தும் அளவீடு எது என்பதே இங்கு எழும் வினா.

விசை ஒரு நிலையான எண் அன்று

ஒரு தசையின் விசை அதன் நீளத்தையும் சுருங்கும் வேகத்தையும் பொறுத்து மாறுவது. கார்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் ஆகியோர் 1966இல் தவளையின் தனித் தசை இழையில் இதனை நிறுவினர். சார்கோமியர் எனப்படும் சுருங்கும் அலகின் நீளம் ஏறத்தாழ 2.0 முதல் 2.2 மைக்ரோமீட்டர் வரை இருக்கையில் விசை உச்சத்தில் இருந்தது. அந்நீளம் 3.65 மைக்ரோமீட்டரை அணுகியபோது ஆக்டின், மயோசின் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படியாது விலகியமையால் விசை மறைந்தது. வேகம் கூடுந்தோறும் விசை குறையும் என்பதை ஏ.வி.ஹில் 1938இல் சமன்பாடாக வடித்தார்.

ஆகவே மூட்டின் கோணத்தையும் அசைவின் வேகத்தையும் வரையறுக்காமல் பெற்ற இரு எண்களை ஒப்பிடுதல் பொருளற்றது. மருத்துவமனைகளில் வழங்கும் 0 முதல் 5 வரையிலான தர அளவுகோல் எளியது, கருவி வேண்டாதது. ஆயினும் அதன் நான்காம் தரம் மிக அகன்றது. வலுவில் பெரும் வேறுபாடுடைய இருவர் அதில் ஒருங்கே அடங்குவர்.

கைப்பிடி வலிமையும் அதன் எல்லையும்

17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் நிகழ்ந்து 2015இல் வெளியான ஆய்வில், கைப்பிடி வலிமையின் ஒவ்வொரு 5 கிலோகிராம் குறைவும் இறப்பு இடர் 16 விழுக்காடு மிகுவதோடு தொடர்புற்றிருந்தது. இந்தியாவும் அந்நாடுகளுள் ஒன்று. இவ்வளவீடு உடல்நலத்தின் சுட்டியாகப் பயன்படுவதற்கு இது சான்று. எனினும் வலிமை ஏன் குறைந்தது என்பதை அது கூறுவதில்லை.

குறையின் இடமறிதல்

மூளையின் ஏவல் முழுமையாகத் தசையை அடைகிறதா என்பதை அறிய மெர்ட்டன் 1954இல் ஒரு முறையைக் கையாண்டார். ஒருவர் தம்மால் இயன்ற அளவு தசையைச் சுருக்கும்போது அதற்குரிய நரம்பில் மின்துடிப்பு செலுத்தப்படும். விசை மேலும் உயர்ந்தால், தசையில் பயன்படாத ஆற்றல் எஞ்சியுள்ளது என்பது பொருள். ஓய்விலுள்ள தசையில் அதே துடிப்பு 50 நியூட்டன் விசையையும், முழு முயற்சியின்போது 10 நியூட்டன் கூடுதல் விசையையும் தருமாயின், தன்னியக்கச் செயலூக்கம் 80 விழுக்காடு எனக் கணக்கிடப்படும். முழங்கால் காயமுற்றவரிடம் இவ்விழுக்காடு குறைவதுண்டு. அவர்தம் தசையைவிட அதனை ஏவும் வழியே தடைப்பட்டுள்ளது.

நரம்பு-தசைச் சந்தியின் குறையை அறிய, நரம்பை நொடிக்கு 2 அல்லது 3 முறை தூண்டித் தசையின் மின்விடை பதிவு செய்யப்படுகிறது. தொடர்ந்து வரும் விடைகள் முதல் விடையைக் காட்டிலும் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைவது மயஸ்தீனியாவுக்குரிய அடையாளம்.

எஞ்சிய இருவரையும் ஊசிமுனை மின்தசை வரைவு பிரித்துக் காட்டும். இளம்பிள்ளை வாதத்தில் சில இயக்க நரம்பணுக்கள் அழிய, எஞ்சியவை ஆதரவற்ற தசை இழைகளைத் தம்பால் சேர்த்துக் கொள்கின்றன. அதனால் ஒவ்வோர் இயக்க அலகின் மின்குறிகையும் பெரிதாகி, நீண்ட நேரம் நீடிக்கிறது. தசைச் சிதைவிலோ நரம்பணு குறைவதில்லை; அதன் ஆளுகையிலுள்ள இழைகளே குறைகின்றன. ஆகவே குறிகை சிறுத்துக் குறுகுகிறது.

முடிவுரை

ஒரே விசை எண்ணைப் பெற்ற நால்வரும் நான்கு வெவ்வேறு இடங்களில் குறையுற்றவர்கள் என்பது இதனால் பெறப்படும். முதலாமவருக்குத் தசைப் பயிற்சியோடு ஏவலை மீட்கும் முறையும், மூன்றாமவருக்குச் சந்தியைச் சீர்செய்யும் மருந்தும் வேண்டும். ஒருவருக்குரியது மற்றவருக்குப் பயன்படாது. தசைவலிமையை ஆராய்வோர் விசை எண்ணோடு மூட்டின் கோணம், வேகம், செயலூக்க விழுக்காடு ஆகியவற்றையும் பதிவு செய்தல் இன்றியமையாதது. அவை இல்லாதவிடத்து அவ்வெண் வலுக்குறைவை அறிவிக்கும். அதன் காரணத்தை அறிவிக்காது.