மிரளும் இளங்குதிரை

காற்றில் பறக்கும் காகிதத்தைக் கண்டதும், முதுகில் ஆள் இருப்பதையும் மறந்து துள்ளி ஓடும் இளங்குதிரையை நாம் முரட்டுக் குதிரை என்கிறோம். அது முரட்டுத்தனமன்று, அச்சமே.

குதிரை புல் மேயும் விலங்கு. அதற்குக் கொம்பு இல்லை. ஓட்டமே அதன் காவல். கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், ஏறக்குறைய 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் காண்கிறது. ஆயினும் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ளவை அதற்குத் தெரியா.

மிரளும்போது சவுக்கை ஓங்கினால் என்னவாகும்? காகிதத்தைக் கண்டால் அடியும் விழும் என்றே அது கற்றுக்கொள்ளும். கிரேக்க அறிஞர் செனபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே, குதிரையேற்றம் பற்றிய தம் நூலில் இவ்வுண்மையை எடுத்துரைத்தார்.

அவ்வாறாயின், செய்யத்தக்கது யாது? தலைக்கவசம் அணிந்து, தேர்ந்த பயிற்சியாளர் துணையுடனேயே ஏற வேண்டும். நாம் பதறினால் நம் உடல் இறுகும். அதைக் குதிரை உணர்ந்துவிடும். ஆகவே, நிமிர்ந்து அமர்ந்து சீராக மூச்சுவிட வேண்டும். கடிவாளத்தை வெடுக்கென இழுத்தலாகாது. அஞ்சிய பொருளைத் தொலைவிலிருந்தே பார்க்கவிட்டு, அமைதியடைந்தபின் ஓரிரு அடி முன்செலுத்தித் தட்டிக்கொடுக்க வேண்டும். பழகிய குதிரை ஒன்று முன்னே சென்றால் இளையது துணிந்து பின்தொடரும். அவசியமாயின், இறங்கி நடத்திச் செல்வதில் இழுக்கில்லை. நாள்தோறும் இவ்வாறு பழக்கினால் அச்சம் படிப்படியாகக் குறையும்.

பெற்றோர்களே! கணக்குப் பாடத்திற்கு அஞ்சி நடுங்கும் பிள்ளைக்கும் வழி இதுவே. பிரம்பை ஒதுக்கிவிட்டு, அருகமர்ந்து ஒவ்வோர் அடியாக அழைத்துச் செல்வோமாக.